பட்டமில்லாப் படிப்பு

ஒரு பெண் மூன்றாண்டு அரும்பாடுபட்டு விஞ்ஞானக் கல்வி கற்கின்றாள். ஆடவர் எழுதும் அதே பரீட்சையை எழுதுகின்றாள். அவருட் பலரினும் மேலாகத் தேறுகின்றாள். அதன் பின்னர், கற்பித்த சர்வகலாசாலையே அவளை நோக்கி, "நீ கற்றதும் மெய், தேறியதும் மெய், ஆயினும் பட்டம் மட்டும் உனக்கில்லை" என்று கூறிவிடுகின்றது. அவள் கற்றது வீணாயிற்றா? அன்றி, கல்வியின் பயன் கல்வியே ஆகலின், பட்டம் கிட்டாமை பற்றி அவள் வருந்துவதுதான் சிறுமையா? இவ்வினாவை இன்று நேயர்களோடு கூடியிருந்து ஆராய விரும்புகின்றோம்.

இது நாம் புனைந்துகொண்ட வினாவன்று. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உண்மையில் நடந்து வந்த காரியமே இது. அங்கே பெண்களுக்கென முதலில் எழுந்தவை இரண்டு கலாசாலைகள். 1869ல் ஹிட்சின் என்னும் ஊரில் ஐந்து மாணவிகளுடன் தொடங்கி, 1873ல் கேம்பிரிட்ஜுக்கு அருகே குடிபெயர்ந்தது கர்ட்டன் கலாசாலை. 1871ல் கேம்பிரிட்ஜ் நகரிலேயே ஒரு வீட்டில், ஆன் கிளஃப் அம்மையாரின் பொறுப்பில், வேறு ஐந்து மாணவிகளுடன் தொடங்கியது நியூனம் கலாசாலை. 1881 முதல் இவ்விரு கலாசாலை மாணவிகளும் சர்வகலாசாலையின் பெரும் பரீட்சைகளை உரிமையோடு எழுதலாயினர். 1890ல் நியூனம் மாணவி பிலிப்பா ஃபாஸெட், கணிதப் பரீட்சையில் ஆடவருள் முதல்வனாகத் தேறியவனையும் விஞ்சி நின்றார். அவ்வம்மைக்குப் பட்டம் இல்லை. ஆடவருட் கடைசியாகத் தேறியவனுக்கோ பட்டம் உண்டு!

நாம் கூறப்புகும் வரலாறு பெரிதும் இலையுதிர் காலத்தில் நிகழ்ந்தது. நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்பருவம் இல்லை. வெயிலும் மழையுமே மாறி மாறி வரும். எனினும், தோட்டத்து வாழ்க்கை அறிந்தோர் இலையுதிர்வை அறியாதவரல்லர். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் நிறம் மாறி இலை கொட்டுவதையும், அந்நாளில் பால் குறைந்துபோவதையும் அவர்கள் கண்டவர்களே. இங்கிலாந்தில் நாடெங்கும் மரங்கள் இவ்வாறு இலை உதிர்க்கும் காலத்திலேயே கல்வி ஆண்டு தொடங்குகின்றது. கேம்பிரிட்ஜில் முதற்பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தோடு முடியும். மைக்கேல்மஸ் பருவம் என்பது அதன் பெயர். புதிதாக வரும் மாணவி மரங்களை மஞ்சளும் செம்மையுமாகக் காண்பாள். விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அவை வெறுங் கிளைகளாய் நிற்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். மூடுபனியும் ஈரமும் எலும்பைத் தொடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய பருவமொன்றில் நியூனம் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்ற பெண்ணின் நாள் எவ்வாறு கழிந்தது? செங்கல்லாற் கட்டிய நீண்ட மாளிகைகள், அவற்றை இணைக்கும் நெடிய நடைவழி, சுற்றிலும் பூந்தோட்டம். ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை உண்டு. அவ்வறையின் கதவைத் தாளிட்டுக்கொண்டு, யாருடைய ஏவலும் இன்றி, ஒரு புத்தகத்தோடு இருக்கலாம். நம் நாட்டுப் பெண்களுள் எத்துணைப் பேருக்கு இது வாய்த்தது என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். காலையில் சைக்கிளேறிச் சென்று பிரசங்கங்களைக் கேட்டல், பகலில் ஆராய்ச்சிசாலையில் கண்ணாடிக் குழாயோடும் நுண்ணோக்கியோடும் நிற்றல், இரவில் கரியடுப்பின் முன் தோழியர் கூடிக் கோக்கோ அருந்தியவாறே வாதாடுதல் என்று நாள் கழியும்.

ஆனால், இவ்வாராய்ச்சிசாலைகளும் எளிதிற் கிடைத்தவையல்ல. சர்வகலாசாலையின் ஆராய்ச்சிசாலைகளில் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தமையால், பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்றை வாங்கி, 1884ல் பெண்களுக்கென உயிர்நூல் ஆராய்ச்சிசாலை ஒன்றை அமைத்தனர். பால்ஃபர் ஆராய்ச்சிசாலை என்னும் பெயருடன் அது 1914 வரை நடந்தது. ரசாயனம் கற்பித்த ஐடா ஃபிராய்ண்ட் அம்மையார் இளமையில் ஒரு காலை இழந்தவர். தனிமங்களின் அட்டவணையை மாணவிகள் மனத்திற் பதியவைக்க, தனிமம் ஒன்றுக்கு ஒரு பணியாரமாகச் செய்து, அதன்மேல் சர்க்கரைப் பாகினால் பெயரும் அணு எடையும் எழுதி, அட்டவணை முறைப்படி மேசையில் பரப்பி வைத்தாராம். படித்தவர்கள் பின்னர் அதனை உண்டும் களித்திருப்பர். பட்டமில்லாப் படிப்பை இத்துணை அன்போடு கற்பித்தனர். அத்துணை அன்போடு கற்றனர்.

1919ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அக்கலாசாலைக்குச் சிசிலியா பெயின் என்னும் பத்தொன்பது வயது மங்கை வந்து சேர்ந்தார். தாவர நூலும் பௌதிகமும் ரசாயனமும் பயில்வது அவர் கருத்து. அவ்வாண்டு மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, விண்மீன்களின் ஒளி கதிரவன் அருகே வளைந்து வருவதை ஆங்கில விஞ்ஞானிகள் அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று கண்டிருந்தனர். அவ்வாராய்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான எடிங்டன், டிசம்பர் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் அதுபற்றிப் பிரசங்கம் செய்தார். நியூனம் மாணவிகளுக்குக் கிடைத்தவை நான்கே அனுமதிச் சீட்டுக்கள். தோழி ஒருத்தி போக இயலாமையால் அவளது சீட்டு பெயினுக்குக் கிடைத்தது. கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பியவர், அப்பிரசங்கம் முழுவதையும் சொல்லுக்குச் சொல் நினைவிலிருந்து எழுதி முடித்தார். மூன்று இரவுகள் உறங்கவேயில்லை. தாவர நூலை விட்டுப் பௌதிகத்திற்கு மாறினார். கலாசாலையில் பயனற்றுக் கிடந்த சிறு தூரதரிசினி ஒன்றைச் சீர்செய்து, பனியிரவுகளில் தாமும் வானத்தை நோக்கினார். பிறரையும் அழைத்துக் காட்டினார்.

நேயர்களே! கல்வியின் பயன் கல்வியே என்பார்க்கு இம்மூன்று இரவுகளினும் சிறந்த சான்று வேண்டுமோ? அவ்வின்பத்தை எந்தச் சர்வகலாசாலையும் அவருக்கு வழங்கவில்லை. ஆகவே எதுவும் பறிக்கவும் இயலாது. பட்டம் ஒன்றையே குறியாகக் கொண்டு படித்தவன் அத்தகைய ஓரிரவையேனும் கண்டிருக்க மாட்டான். ஆதலின், பட்டமில்லாப் படிப்பு வீண் என்னும் கூற்றை நாம் தயங்காது தள்ளிவிடுகின்றோம்.

ஆனால் வழக்கு இதனோடு முடிந்துவிடவில்லை. அவர் கற்ற காலத்திலேயே மற்றோர் இலையுதிர் காலம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை 1920ல் பெண்களுக்குப் பட்டம் அளித்துவிட்டது. லண்டன் சர்வகலாசாலை 1878லேயே தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. கேம்பிரிட்ஜிலும் அளிக்கலாமா என்று 1921 அக்டோபரில் வாக்கெடுத்தனர். முழு உரிமை மறுக்கப்பட்டது. பட்டத்தின் பெயரை மட்டும் அளிக்கலாம், சர்வகலாசாலையின் அங்கத்தினராக ஏற்கலாகாது என்று முடிவாயிற்று. அம்மகிழ்ச்சி தாளாத ஆண் மாணவர் கூட்டமொன்று நியூனம் கலாசாலைக்கு ஓடிற்று. கிளஃப் அம்மையார் நினைவாக நிறுத்திய வெண்கல வாயிற்கதவுகளைக் கைவண்டி கொண்டு மோதிச் சிதைத்தது. இதற்கு முன் 1897ல் இதே கேள்வி எழுந்தபோதும், சைக்கிளேறிய பெண்ணுருவம் ஒன்றைச் செய்து தெருவில் தொங்கவிட்டுப் பரிகசித்தனர் அக்காலத்து மாணவர்கள்.

வகுப்பறையிலும் பரிகாசம் இருந்தது. ரூதர்போர்டு பெரும் விஞ்ஞானி; பெண்களுக்கு முழு உரிமை வேண்டுமென்று 1920ல் பத்திரிகைக்கு எழுதியவரும் அவரே. ஆயினும் அவரது வகுப்பில் பெண்கள் முன்வரிசையில் அமரவேண்டும் என்பது விதி. அங்கே தனியொருத்தியாக அமர்ந்திருந்த பெயினை நோக்கி அவர் "சீமாட்டிகளே" என்று வேண்டுமென்றே அழுத்தி விளித்துத் தொடங்குவார். மாணவரெல்லாம் கைதட்டிக் காலால் தரையை உதைத்து ஆரவாரிப்பர். உரிமைக்காகக் கையெழுத்திடும் கையே வகுப்பில் நகைப்புக்கு வித்திடுகின்றது. சீர்திருத்தம் பேசுவோராகிய நாம் இவ்விடத்தில் நம்மையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளல் தகும்.

இத்தகைய நேரத்தில் மறுப்போர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு: "அறிவுக்காகவே கற்பவருக்குப் பட்டம் ஏன்? பிரசங்கம் கேட்கலாம், ஆராய்ச்சி செய்யலாம், பரீட்சையும் எழுதலாம். இதற்கு மேலும் கேட்பது புகழாசையன்றோ?" கேட்பதற்கு உயர்ந்த தத்துவமாகவே தோன்றும். ஆனால் ஒரு சொல்லின் அறம், அதனைச் சொல்லுவோர் யார் என்பதையும் பொறுத்தது. "எனக்கு அறிவே போதும்" என்று கற்றவள் தன்னைப்பற்றிச் சொன்னால், அது துறவு. "உனக்கு அறிவே போதும்" என்று கொடுக்கவேண்டியவன் அவளைப் பார்த்துச் சொன்னால், அது மோசடி.

நம் வாழ்விலிருந்தே இதனை விளக்கலாம். தோட்டத்தில் ஒரு தொழிலாளி பால்மரத்தைப் பிள்ளைபோற் பேணிச் சீவுகின்றான். பட்டையில் ஒரு காயம் படாது அவன் கத்தி ஓடும். அத்தொழிலில் அவனுக்கு ஒரு பெருமிதமும் உண்டு. சம்பள நாளில் கங்காணி அவனை அழைத்து, "மரத்தின்மேல் நீ அன்பு வைத்திருக்கின்றாய், அன்பே உனக்குக் கூலி" என்று கூறினால் நாம் ஒப்புவோமா? அவன் அன்பு அவனுடையது; அவன் கூலி அவனுக்கு நாம் படும் கடன். இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றில் வரவைக் காட்டி மற்றொன்றிற் கடனைக் கழிக்கலாகாது. தொழிலாளர் விஷயத்தில் இதனை உணர்ந்து முழங்கும் நாமே, வீட்டிலுள்ள பெண்ணின் விஷயத்தில் கங்காணியாகிவிடுகின்றோம். "அவள் பிரியமாகச் செய்கின்றாள்" என்று சொல்லிக்கொண்டே, அவள் உழைப்புக்கும் அறிவுக்கும் உரிய மதிப்பைக் கொடாது கழிக்கின்றோம்.

இஃதன்றியும், பட்டம் என்பது என்னை? அதனை ஓர் அணிகலனாக எண்ணுவோரே அது வேண்டாத ஆசை என்பர். அஃது அணிகலன் அன்று, சாட்சி. "இவர் சொல்வதைக் கேளுங்கள், இவர் அறிந்து பேசுகின்றார்" என்று, அறியாத ஊராருக்கு அறிந்தோர் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. அதனை மறுப்பதால் நட்டம் கற்றவளுக்கு மட்டுமன்று. அவள் சொல்லவேண்டிய உண்மைக்கும் நட்டமே. பெயினுடைய பிற்கால வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

முழுப் பட்டம் பெறாமலே 1923ல் அவர் இங்கிலாந்தை விட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். அவற்றை எண்ணாக மாற்ற அவருக்கு உதவியது 1920ல் மேகநாத் சாஹா என்னும் வங்காளத்து விஞ்ஞானி வகுத்த சூத்திரம். டாக்காவை அடுத்த சிற்றூரில், சிறு கடைக்காரரின் மகனாக, தாழ்ந்ததென்று ஒதுக்கிய சாதியிற் பிறந்தவர் சாஹா. கல்கத்தாவில் மாணவர் விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு உடனிருந்து உண்ண மறுத்தனர் என்பர். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் வகுத்த கணக்கைக் கொண்டு, மன்றத்தில் இடம் மறுக்கப்பட்டவர், விண்மீன் எதனால் ஆயது என்று கண்டார். கதிரவனும் பிற விண்மீன்களும் மண்ணுலகைப் போன்ற பொருள்களாலேயே ஆனவை என்று அக்காலத்து அறிஞர் நம்பியிருந்தனர். பெயினின் கணக்கோ, ஹைட்ரஜன் வாயுவே அங்கு மிகப் பெரும்பகுதி என்று காட்டிற்று; உலோகங்களினும் அது பத்து லட்சம் மடங்கு மிக்கிருந்தது.

அந்நாளில் அமெரிக்க வானநூலாரின் தலைமைப் புலவர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். அவர் இம்முடிவு நடவாத காரியம் என்று எழுதினார். பெயின் பணிந்தார். 1925ல் வெளியான தமது ஆராய்ச்சி நூலில், தாம் கண்ட அவ்வெண் பெரும்பாலும் உண்மையாயிராது என்று தாமே எழுதிவைத்தார். நான்காண்டு கழித்து 1929ல், வேறு வழியாக ஆராய்ந்த ரஸ்ஸலே அம்முடிவை மெய்யென்று ஒப்பி எழுதினார். பெயின் முன்னரே கண்டதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அப்பெருமை நெடுங்காலம் பெரும்பாலும் ரஸ்ஸலையே சார்ந்து நின்றது.

நடுநிலையாகப் பேசுவோம். ரஸ்ஸல் வஞ்சகர் அல்லர். தம் காலத்தின் பொதுக்கருத்தையே கூறினார். பெயினின் இடத்தில் ஓர் இளைஞன் இருந்திருந்தாலும் பெரியவர் சொல்லுக்குப் பணிந்திருக்கக் கூடும். ஆனால், முன்வரிசையில் தனியே அமர்த்தி நகைக்கப்பட்டவர். படித்த இடத்தில் அங்கத்தினராக ஏற்கப்படாதவர். ஹார்வர்டு பெண்களுக்குப் பட்டம் அளியாமையால் ராட்கிளிஃப் என்னும் பெண்கள் கலாசாலையின் பெயரில் டாக்டர் பட்டம் பெற்றவர் — இவர் தாம் கண்ட உண்மைமேல் உறுதியாக நிற்பதற்கு உலகம் எத்துணை ஊன்றுகோல் கொடுத்திருந்தது? ஒன்றுமில்லை. சாட்சி மறுக்கப்பட்டவர், ஈற்றில் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்ல நேர்ந்தது. கொடுக்கவேண்டியதைக் கொடாத சமுதாயம் இழந்தது ஒரு பெண்ணின் மனமகிழ்ச்சியை மட்டுமன்று. ஓர் உண்மையை நான்காண்டுக் காலம் இழந்தது.

"இத்துணைத் தடையிருந்தும் அவர் உயர்ந்தாரன்றோ? தடையே அவரைக் கூர்மையாக்கிற்று" என்பாரும் உளர். அவர் உயர்ந்தது மெய்யே. 1956ல் ஹார்வர்டில் முழுப் பேராசிரியரானார். அத்துறைக்குத் தலைமையும் தாங்கினார். ஆயின், அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. 1945 வரை அவர் நடத்திய பாடங்கள் அச்சர்வகலாசாலையின் பாட அட்டவணையிற்கூட இடம்பெறவில்லை. மேலும், கரையேறியவரைக் காட்டி ஆற்றின் வெள்ளத்தைப் புகழ்வது அறிவுடைமை ஆகாது. மூழ்கினோர் வந்து சாட்சி சொல்லார்.

மறுபுறத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. நம்மவரிடையே இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டும் என்பது அது. பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டுப் புத்தகத்தைப் பரணில் ஏற்றுவோரைக் காண்கின்றோம். மணப்பந்தலில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதற்கென்றே பெண்ணுக்குப் பட்டம் தேடுவோரும் உளர். இவர்கள் வாங்கியது சாட்சிச் சீட்டு. சாட்சி சொல்லத்தக்க பொருளோ இல்லை. கற்போர் கடமை அறிவை நேசித்தல். கற்றோர்க்கு மற்றையோர் கடமை அவர்க்கு உரியதை மறாது கொடுத்தல். தன் கடமையை மறந்து மற்றவர் கடமையைப் போதிப்பது இருசாராருக்கும் எளிதாயிருக்கின்றது. குழப்பமெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றது.

கேம்பிரிட்ஜ் தன் கடனை ஒப்புக்கொண்டது 1947 டிசம்பரில். 1948ல் பெண்கள் முழு அங்கத்தினராயினர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், மீண்டும் ஓர் இலையுதிர் காலத்தில், அங்கே முதன்முதல் பட்டம் பெற்ற பெண்மணி ஆறாம் ஜார்ஜ் மன்னரின் துணைவியார் எலிசபெத் அரசியார். அது கௌரவப் பட்டம். எண்பது ஆண்டுகளாக விளக்கெரித்துப் படித்தவர்களுக்கு முன்னே, அங்குப் படியாத அரசியார்க்கு முதற் பட்டம் போயிற்று! உலகியல் அப்படி.

ஆயினும் ஒரு செய்தி கேட்டு நெஞ்சு நெகிழ்கின்றது. 1998ஆம் ஆண்டில், 1948க்கு முன் பயின்று முறையான பட்டமளிப்பைக் காணாத மூதாட்டியர் ஏறத்தாழ 900 பேரை அழைத்து, அச்சர்வகலாசாலை விழா எடுத்தது. எழுபதும் எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள். உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர்கள். பேரன் பேத்தி கண்டவர்கள். இனி அப்பட்டத்தால் அவர்களுக்கு ஒரு காசு வரவில்லை. அறிவு ஓரெழுத்தும் கூடவில்லை. ஆயினும் வந்தார்கள். அறிவே போதும் என்ற தத்துவம் முழு உண்மையாயின் அவர்கள் வந்திருக்க வேண்டுவதில்லை. வராத கடன் ஐம்பதாண்டு கழிந்தும் கடனே என்பதை அவர்கள் நடந்து காட்டினார்கள்.

தோழர்களே! ஔவையைப் போற்றும் இனம் நம்முடையது. கேம்பிரிட்ஜின் குற்றத்தை எண்ணி நகைத்துவிட்டு எழுவது நமக்கு எளிது. ஆனால், தம்பியின் பாடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் நுழையும் தமக்கையரை நாம் நம் லயங்களிலும் கடைவீடுகளிலும் கண்டிருக்கின்றோம். "அவளுக்கென்ன, தெரிந்துகொண்டாள், அதுவே போதும்" என்று சொன்ன தந்தையரையும் கண்டிருக்கின்றோம். அத்தந்தை வாயில் வந்ததும் 1921ல் கேம்பிரிட்ஜ் மன்றம் சொன்னதும் ஒன்றே. அவள் அறிவது அவள் பாடு. அவளை அறிந்தவளென்று ஊரறியச் சொல்லுவதும், அச்சொல்லுக்கேற்ற இடத்தை அவளுக்கு விடுவதும் நம் பாடு. அக்கடனை அவள் கேட்குமுன் கொடுப்போமாக.